போக்கிமான்: சூதாடியை ஜெயிக்கலாம்... சூதாடி ஆகலாமா?

போக்கிமான் கேமை விளையாடியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வழியில் நிற்கும் ஒருவரின் கண்ணில் நீங்கள் பட்டால் போதும். அவர் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி தோன்றும். நேராக நடந்து வந்து சண்டைக்கு இழுப்பார். சின்னப் பையன், பூச்சி பிடிப்பவன், மாலுமி, மீனவர், விஞ்ஞானி என்று இந்த எதிராளிகளை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு 'டிரெய்னர் கிளாஸ்' என்று பெயர். இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒரு வகை உண்டு. அதுதான் 'கேம்ப்ளர்'. நம் பாஷையில் சொன்னால், சூதாடி!

குழந்தைகள் விளையாடும் கேமில் சூதாடிக்கு என்ன வேலை? மதுரை கோரிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் பெற்றோர்கள் இப்படிப்பட்ட கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே தருகிறேன். இந்தச் சூதாடியை எப்படி ஜெயிப்பது, அவருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன, அவர் எப்படி ஓரங்கட்டப்பட்டார், அவர் போன பிறகு சூதாட்டம் எங்கே போய் உட்கார்ந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். கேமே விளையாடாதவர்கள் கடைசி இரண்டு பகுதிகளையாவது அவசியம் படியுங்கள்.

எங்கே நிற்கிறார் இந்தச் சூதாடி?

போக்கிமான் வரிசையின் முதல் கேம்களான 'ரெட்', 'கிரீன்' இரண்டும் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தன. நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக, சடோஷி டஜிரியின் கேம் ஃப்ரீக் நிறுவனம் இவற்றை உருவாக்கியது. 1998-ல் 'ரெட்', 'புளூ' என்ற பெயர்களில் அமெரிக்காவுக்குப் போனது. அந்த ஆங்கிலப் பதிப்பில்தான் 'கேம்ப்ளர்' என்ற பெயரை நாம் பார்க்கிறோம்.

கதை நடக்கும் இடம் காண்டோ என்ற கற்பனைப் பிரதேசம். அதில் வெர்மிலியன் சிட்டி என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போகும் பாதை 'ரூட் 11'. அந்த ஒரே பாதையில் நான்கு சூதாடிகள் நிற்கிறார்கள். பிறகு லாவெண்டர் டவுனுக்கு மேற்கே உள்ள 'ரூட் 8'-ல் இன்னும் இருவர். இவர்களைத் தாண்டித்தான் நாம் போக வேண்டும்.

ரூட் 11-ல் நிற்கும் நால்வரிடமும் இருப்பவை தலா இரண்டு போக்கிமான்கள். எல்லாமே லெவல் 18. ஒருவரிடம் போலிவேக், ஹார்சீ. இன்னொருவரிடம் பெல்ஸ்பிரவுட், ஒடிஷ். மூன்றாமவரிடம் வோல்டார்ப், மேக்னமைட். நான்காமவரிடம் குரோலித், வல்பிக்ஸ்.

போக்கிமான் தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முதல் ஜோடி இரண்டும் நீர் வகை. இரண்டாவது ஜோடி இரண்டும் புல் வகை. மூன்றாவது மின்சாரம். நான்காவது நெருப்பு. ஒவ்வொரு சூதாடியும் தன் கையில் இருப்பதை ஒரே வகையில் கொட்டியிருக்கிறார். மங்காத்தாவில் மொத்தப் பணத்தையும் 'உள்ளே' என்று ஒரே பக்கம் வைப்பது போலத்தான் இது. கேமை வடிவமைத்தவர்கள் சூதாடியின் குணத்தை வசனத்தில் சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த ஜோடியிலேயே காட்டிவிட்டார்கள்.

ஜெயிப்பது எப்படி?

ஒரே பக்கம் வைத்தவரைத் தோற்கடிக்க, அந்தப் பக்கத்துக்கு எதிரான ஒன்று கையில் இருந்தால் போதும். நீருக்கு எதிராக மின்சாரம். விரிடியன் காட்டில் பிடித்த பிக்காச்சு போதும். நெருப்புக்கு எதிராக நீர். புல்லுக்கு எதிராக நெருப்பு அல்லது பறவை.

மின்சார ஜோடிக்கான விடை பக்கத்திலேயே இருக்கிறது. 'டிக்லெட்ஸ் கேவ்' என்ற குகையின் ஒரு வாசல் இதே ரூட் 11-ல்தான் திறக்கிறது. அங்கே கிடைக்கும் டிக்லெட் நில வகை. மின்சாரத் தாக்குதல் அதன் மேல் படவே படாது. வெர்மிலியன் சிட்டியின் ஜிம் லீடரும் மின்சார வகைக்காரர்தான் என்பதால், ஒரு டிக்லெட்டைப் பிடித்து வளர்த்தால் இரட்டை லாபம்.

புல் ஜோடிக்கு இன்னொரு வழியும் உண்டு. பெல்ஸ்பிரவுட், ஒடிஷ் இரண்டும் புல்லோடு விஷ வகையும் சேர்ந்தவை. விஷத்துக்கு மனோசக்தி ஆகாது. இதே பாதையின் புல்வெளியில் டிரவுசி என்ற மனோசக்தி போக்கிமான் கிடைக்கும். அது லெவல் 17-ல் 'கன்ஃப்யூஷன்' என்ற தாக்குதலைக் கற்றுக்கொள்ளும். சூதாடிகள் லெவல் 18. உங்களுக்கு லெவல் 17 போதும்! அக்கம்பக்கத்தைப் பார்த்து நடப்பவனுக்கு அந்த இடத்திலேயே ஆயுதம் கிடைக்கிறது.

பர்ஸ் கணக்கு

சண்டையில் ஜெயித்தால் எதிராளி உங்களுக்குப் பணம் தருவார். எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு வகை எதிராளிக்கும் ஒரு அடிப்படைத் தொகை உண்டு. அதை அவருடைய கடைசிப் போக்கிமானின் லெவலால் பெருக்க வேண்டும்.

முதல் தலைமுறை கேமில் பூச்சி பிடிப்பவனுக்கு அடிப்படை 10. சின்னப் பையனுக்கு 15. சூதாடிக்கு 70! கோட் சூட் போட்ட 'ஜென்டில்மேன்' வகைக்கும் அதே 70-தான். ஆக, லெவல் 18 சூதாடி தோற்றால் 70 x 18 = 1,260 கிடைக்கும். அதே லெவலில் சின்னப் பையன் தருவது 270 மட்டுமே. சூதாடியின் பையில் பணம் புரள்கிறது, ஆனால் தங்குவதில்லை.

நீங்கள் தோற்றால்? உங்கள் கையிருப்பில் சரிபாதி போய்விடும். அப்படிப் பார்த்தால் இந்தக் கேமின் ஒவ்வொரு சண்டையுமே ஒரு சின்னப் பந்தயம்தான். ஆனால் போவதும் வருவதும் விளையாட்டுப் பணம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது?

வகை பார்த்து ஜெயிப்பது திறமை. ஆனால் கேமுக்குள் அதிர்ஷ்டமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

கேம் பாய்க்குள் ஒரு கவுண்டர் ஓயாமல் ஓடுகிறது. நொடிக்கு 16,384 தடவை அது ஒவ்வொன்றாகக் கூடும். 255 வந்ததும் மறுபடி 0. இந்தக் கவுண்டரை எடுத்து, பழைய எண்ணோடு கூட்டிக் கழித்துத்தான் கேம் தன் 'ரேண்டம் நம்பரை' உருவாக்குகிறது. ஒரு பைட்டுக்குள் அடங்குவதால் அது எப்போதும் 0 முதல் 255 வரை உள்ள ஒரு எண்ணாகவே இருக்கும்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. 100 சதவீதம் குறி தவறாது என்று போட்டிருக்கும் தாக்குதல்கூடச் சில நேரம் தவறும். காரணம், 100 சதவீதம் என்பதை கேம் 255 என்று சேமித்து வைத்திருக்கிறது. வரும் ரேண்டம் எண் 255-ஐவிடக் குறைவாக இருந்தால்தான் அடி விழும். அந்த எண்ணே 255 ஆக வந்துவிட்டால்? அடி தவறிவிடும். அதாவது 256 தடவைக்கு ஒரு தடவை, எந்தக் காரணமும் இல்லாமல்! புரோகிராமில் 'குறைவு' என்பதற்குப் பதில் 'குறைவு அல்லது சமம்' என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

இன்னொன்று 'கிரிட்டிகல் ஹிட்', அதாவது திடீரென விழும் பலத்த அடி. முதல் தலைமுறையில் போக்கிமானின் வேகத்தைப் பொறுத்து அதன் வாய்ப்பு அமையும். வேகத்தை 512-ஆல் வகுத்தால் தோராயமான விடை கிடைக்கும். நம் மின்சாரச் சூதாடியிடம் உள்ள வோல்டார்பின் அடிப்படை வேகம் 100; வாய்ப்பு சுமார் 20 சதவீதம். மேக்னமைட்டின் வேகம் 45. வாய்ப்பு சுமார் 9 சதவீதம்.

ஆகவே சண்டையில் திறமையும் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் திறமையின் கைதான் ஓங்கியிருக்கிறது. டிக்லெட்டை வைத்திருப்பவன் மின்சாரச் சூதாடியிடம் பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் ஜெயிப்பான்.

செலடான் நகரத்து ஸ்லாட் மெஷின்

இதுவரை பார்த்த சூதாடி எதிரே நிற்பவர். அவர் சூதாடுகிறார், நாம் சண்டை போடுகிறோம். ஆனால் அதே கேமில் நம்மையே சூதாட வைக்கும் ஓர் இடம் இருந்தது. செலடான் சிட்டியின் 'கேம் கார்னர்'.

உள்ளே வரிசையாக ஸ்லாட் மெஷின்கள். விளையாட்டுப் பணம் 1,000 கொடுத்தால் 50 காயின்கள் தருவார்கள். காயின்களைச் சேர்த்தால் போரிகான் என்ற போக்கிமானைப் பரிசாக வாங்கலாம். விலை, புளூ பதிப்பில் 6,500 காயின்கள். ரெட் பதிப்பில் 9,999 காயின்கள். ரெட் பதிப்பில் மெஷினைத் தொடாமல் காசு கொடுத்தே வாங்குவதானால் 200 தடவை, மொத்தம் 2,00,000 விளையாட்டுப் பணம் கொட்ட வேண்டும்! இத்தனை சேர்க்க ஆறு சூதாடிகளை ஜெயித்தால் போதாது. அதனால்தான் பிள்ளைகள் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

மெஷின் எப்படி வேலை செய்தது தெரியுமா? மூன்று சக்கரங்கள் சுழலும். நீங்கள் பட்டனை அழுத்தி ஒவ்வொன்றாக நிறுத்துவீர்கள். 'சரியான நேரத்தில் அழுத்தினால் ஜெயிக்கலாம்' என்றுதான் தோன்றும். ஆனால் சக்கரம் சுழலத் தொடங்கும்போதே கேம் ஒரு ரேண்டம் எண்ணை எடுத்துவிடும். அது 210-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலும் ஜெயிக்க அனுமதி. அதாவது ஐந்து தடவைக்குச் சுமார் ஒரு தடவை. அனுமதி இல்லாத சுற்றில் நீங்கள் எவ்வளவு துல்லியமாக அழுத்தினாலும், மூன்றாவது சக்கரம் பொருந்துவது போல வந்து, ஒரு படம் நழுவிக் கீழே போய்விடும். 'அடடா, ஒரு நூலில் போச்சே!' என்று நாம் நினைப்போம். நூலும் இல்லை, ஊசியும் இல்லை. முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

'கொஞ்சத்தில் தவறிவிட்டது' என்ற அந்த உணர்வுதான் அடுத்த காயினைப் போட வைக்கிறது. திருக்குறளின் 94-வது அதிகாரம் 'சூது'. சூதில் வரும் வெற்றியையே தூண்டிலாகப் பார்க்கிறார் வள்ளுவர். மெஷினோ வெற்றியைக்கூடத் தர வேண்டாம், வெற்றியின் சாயலைக் காட்டினாலே போதும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ஆனாலும் கேமை எழுதியவர்களுக்கு ஒரு நேர்மை இருந்தது. காயின்களைப் போட்டு வைக்கும் 'காயின் கேஸ்' உங்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? செலடான் நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஸ்லாட் மெஷினில் எல்லாவற்றையும் தோற்றவர். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன், எனக்கு இது வேண்டாம் என்று சொல்லித் தன் காயின் கேஸை உங்களிடம் தந்துவிடுவார். அதோடு முடியவில்லை. கேம் கார்னரில் ஒட்டியிருக்கும் ஒரு போஸ்டருக்குப் பின்னால் சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் கீழே போக வழி திறக்கும். அங்கே இருப்பது டீம் ராக்கெட் என்ற குற்றக் கும்பலின் ரகசியக் கூடாரம்! சூதாட்ட விடுதியை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டார்கள்.

பெயர் மாறியது, மெஷின் நின்றது

2004-ல் இதே கதை 'ஃபயர் ரெட்', 'லீஃப் கிரீன்' என்று கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு மறுபடி வந்தது. ஆங்கிலப் பதிப்பில் 'கேம்ப்ளர்' என்பது 'கேமர்' ஆகிவிட்டது! ஆள் அவரேதான், கையில் உள்ள ஜோடிகளும் அவைதான். ஜப்பானியப் பதிப்பில் பழைய பெயரே இருந்தது. பின்னர் வந்த 'டைமண்ட்', 'பேர்ல்' கேம்களில் ஜப்பானில் சூதாடி என்றே அழைக்கப்பட்டவர், ஆங்கிலத்தில் 'பி.ஐ.', அதாவது தனியார் துப்பறிவாளர் ஆனார். ஒரே ஆளுக்கு எத்தனை வேஷம் பாருங்கள்!

மெஷின்களுக்கும் இதே கதிதான். 2009-ல் ஐரோப்பாவுக்கு வந்த 'பிளாட்டினம்' கேமில் கேம் கார்னர் இருந்தது. மெஷின்களை விளையாட முடியாது. 2010-ல் ஜப்பானுக்கு வெளியே வந்த 'ஹார்ட் கோல்டு', 'சோல் சில்வர்' கேம்களில் ஸ்லாட் மெஷின்களை எடுத்துவிட்டு 'வோல்டார்ப் ஃபிளிப்' என்ற புதிரை வைத்தார்கள். இது நம் விண்டோஸ் மைன்ஸ்வீப்பரின் தம்பி போல இருக்கும். 5 x 5 கட்டம். ஓரத்தில் உள்ள எண்களைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் திருப்ப வேண்டும். அதோடு, காயின்களை விலைக்கு வாங்கும் வசதியையும் நீக்கினார்கள். அதே 2010-ல் ஜப்பானில் வெளியான 'பிளாக்', 'ஒயிட்' கேம்களில் கேம் கார்னரே இல்லை.

2020 முதல், சூதாட்டத்தைக் கற்றுத்தரும் அல்லது கவர்ச்சியாகக் காட்டும் புதிய கேம்களுக்கு ஐரோப்பாவின் 'பெகி' தர அமைப்பு '18 வயதுக்கு மேல்' என்ற முத்திரையைக் குத்துகிறது. இன்று அந்தப் பழைய ஸ்லாட் மெஷினோடு ஒரு போக்கிமான் கேமைப் புதிதாகக் கொண்டுவந்தால் அதைச் சிறுவர்களுக்கு விற்க முடியாது.

திறமையா, அதிர்ஷ்டமா? நம் ஊர்ச் சட்டம்

இதே கேள்வியைத்தான் நம் நாட்டு நீதிமன்றங்களும் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தன. 1967-ல் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், ரம்மியில் திறமையின் பங்கே அதிகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996 ஜனவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை விளையாட்டே என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் ஜப்பானில் போக்கிமான் வெளியானது!

செல்போன் வந்த பிறகு கேள்வி மாறியது. 2020 ஜூலையில், எங்கள் ஊரில் உள்ள சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி புகழேந்தி, ஆன்லைன் ரம்மி போன்றவற்றை முறைப்படுத்தச் சட்டம் தேவை என்று சுட்டிக்காட்டினார். தமிழக அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி ஒரு சட்டம் 2022-ல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்ததை ஏற்கவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அது இந்தப் பழைய கேள்வியையே ஓரம் தள்ளிவிட்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ எதுவானாலும், பணத்தைக் கட்டி, பதிலுக்குப் பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். விளையாட்டின் பெயர் என்ன என்று பார்க்காமல், பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் அணுகுமுறை இது. வீட்டில் நாமும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் நாம் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது சூதாடி யார்?

போன கோடை விடுமுறையில் ஒருவர் தன் பதினொரு வயது மகனோடு என் கடைக்கு வந்தார். போனை மேஜையில் வைத்து, "தம்பி, காசு சுத்தமா போயிட்டே இருக்கு. வைரஸ் எதுவும் ஏறியிருக்கான்னு பாருங்க" என்றார். வைரஸ் எதுவும் இல்லை. ஒரு கேமில் 'அதிசயப் பெட்டி' வாங்கிய கணக்குதான் இருந்தது. 89 ரூபாய், 89 ரூபாய், 89 ரூபாய் என்று 46 வரிகள். கூட்டினால் 4,094 ரூபாய். கேமின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி கேம்கள் நிறைய இருக்கின்றன.

"ரம்மின்னா எனக்கே தெரியும். இது பொம்மைதானே?" என்று கேட்டார் அவர்.

பெட்டியைத் திறந்தால் எந்தப் பொம்மை வரும் என்பது அதிர்ஷ்டம். பையன் தேடியது ஒரு தங்க நிற வீரனை. அந்தப் பொம்மை வர வாய்ப்பு 0.5 சதவீதம் என்று கேமிலேயே, கண்ணில் படாத ஒரு மூலையில், போட்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் வாங்கினா கண்டிப்பா வந்துரும் அங்கிள். 200-க்கு ஒண்ணு. நான் 46 திறந்துட்டேன்ல" என்றான் பையன். அவன் வகுத்தது சரி. புரிந்துகொண்டதுதான் தவறு. திறந்த பெட்டிகளை அடுத்த பெட்டி நினைவில் வைத்திருப்பதில்லை.

அவனுக்கு எக்செல்லில் ஒரு சோதனை காட்டினேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஏ1 செல்லில் சமக்குறி போட்டு 'ராண்ட்' ஃபங்ஷனை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, வெற்று அடைப்புக்குறிகளைப் போடுங்கள். 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் வரும். அதை ஏ200 வரை கீழே இழுத்து நிரப்புங்கள். இவைதான் 200 பெட்டிகள். பிறகு சி1 செல்லில் 'கவுண்ட்இஃப்' ஃபங்ஷனைப் பயன்படுத்தி, 0.005-ஐவிடக் குறைவான எண்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அதுதான் கிடைத்த தங்க வீரர்கள். இப்போது எஃப்9 கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக 200 பெட்டிகள் திறக்கும். ஒரு பைசா செலவில்லாமல்!

பையன் 20 தடவை அழுத்தினான். 8 தடவை சி1-ல் 0 வந்தது. அதாவது 200 பெட்டிகள், 17,800 ரூபாய் செலவழித்தும் தங்க வீரன் வரவில்லை. கணக்குப்படி 100 தடவைக்குச் சுமார் 37 தடவை இப்படித்தான் ஆகும். 'இத்தனைக்கு ஒன்று' என்று சொல்லப்படும் எந்தக் குலுக்கலிலும், அத்தனை தடவை முயன்ற பிறகும் வெறுங்கையோடு நிற்பவர்கள் ஏறத்தாழ 37 சதவீதம். வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த 37 மாறுவதில்லை.

"அப்ப எப்பத்தான் வரும் அங்கிள்?" என்று கேட்டான். "அது பெட்டிக்கே தெரியாதுடா" என்றேன். எஃப்9-ஐ இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு அப்பாவின் போனைத் தானே எடுத்து அவரிடம் கொடுத்தான்.

போக்கிமானும் இந்தப் பாதைக்கு வராமல் இல்லை. 2024 அக்டோபர் 30-ல் 'போக்கிமான் டி.சி.ஜி. பாக்கெட்' என்ற செல்போன் கேம் வெளியானது. 12 மணி நேரத்துக்கு ஒரு சீட்டுப் பொட்டலம் இலவசம், அவசரப்பட்டால் பணம். முதல் தொகுப்பில் மிக அரிதான 'கிரீடம்' வகைச் சீட்டு வர வாய்ப்பு, பொட்டலத்தின் நான்காவது சீட்டில் 0.04 சதவீதம், ஐந்தாவதில் 0.16 சதவீதம். கூட்டினால் ஏறத்தாழ 500 பொட்டலத்துக்கு ஒன்று. வாய்ப்பு விகிதத்தை வெளிப்படையாகத் தருகிறார்கள். பொட்டலம் பிரிக்கப் பிரிக்கப் புள்ளிகளும் சேரும். 500 பொட்டலம் பிரித்தால் 2,500 புள்ளிகளுக்கு அந்தச் சீட்டையே வாங்கலாம். இலவசமாக மட்டும் ஆடினால் அதற்கு 250 நாள் பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாதவருக்காகத்தான் பணம் கட்டும் பட்டன்.

செலடான் நகரத்தில் இருந்தது விளையாட்டுப் பணம். இந்தப் பட்டனுக்குப் போவது நம் வங்கிக் கணக்கு. திரும்பப் பணமாக வராததால், 'இது பணம் வைத்து ஆடுவது இல்லையே' என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. எதிரே நின்ற சூதாடிக்குப் பெயரை மாற்றினார்கள், மெஷின்களை நிறுத்தினார்கள். ஆனால் அவருடைய நாற்காலி காலியாக இல்லை. அதில் நம் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிளே ஸ்டோரில் கேமை இறக்கும் முன் 'ஆப்புக்குள் வாங்கும் வசதி உண்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேமின் பெயருக்கு அருகிலேயே இருக்கும்.

2. பிளே ஸ்டோர் செட்டிங்கில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி அமையுங்கள். பிள்ளையின் கைரேகை அந்தப் போனில் பதிவாகி இருந்தால் இதனால் பயன் இல்லை, அதை நீக்குங்கள்.

3. பிள்ளை விளையாடும் கணக்கில் வங்கி அட்டை, யுபிஐ இரண்டையும் இணைத்து வைக்காதீர்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' மூலம் உங்கள் அனுமதியோடு மட்டுமே வாங்கும்படி செய்யலாம்.

4. மாதம் ஒருமுறை பிளே ஸ்டோரில் வாங்கியவற்றின் பட்டியலைப் பாருங்கள். சின்னச் சின்னத் தொகையாக இருப்பதால் வங்கியின் எஸ்.எம்.எஸ்.கள் கண்ணில் படாமல் போய்விடும்.

5. அதிர்ஷ்டப் பெட்டி விற்கும் ஆப்கள் அதன் வாய்ப்பு விகிதத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆப்பிள் 2017-லும் கூகுள் 2019-லும் விதி போட்டன. அந்த எண்ணைத் தேடி எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேலே சொன்ன எக்செல் சோதனையைச் செய்யுங்கள். அறிவுரையைவிட எஃப்9 கீ நன்றாகப் பேசும்.

தமுக்கம் பக்கம் பொருட்காட்சிக் கூட்டத்தில் யாராவது லங்கர் கட்டை உருட்டினால் நாம் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறோம். போனுக்குள் உருட்டும்போது நமக்குச் சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மற்றபடி போக்கிமானைப் பிள்ளைகள் தாராளமாக விளையாடட்டும். ரூட் 11-ல் நிற்கும் சூதாடியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அவர் எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைப்பார், தோற்பார், 1,260 கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். டிக்லெட்டை மட்டும் மறக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்!